மூட்டையில போட்டுருக்க அளவு ஒங்க மினிக்கு இல்ல: குதிரைத் தீவனம், வாசகர் கேள்வி பதில்

மினியேச்சர் குதிரைக்குத் தீவனம் போடுததப் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டுருந்தோம், நெல்லை, தென்காசி, தூத்துக்குடின்னு மூணு பக்கமிருந்தும் வந்துருக்கு. முக்காவாசிப் பேரு கேக்கது "இன்னும் என்னத்த சேக்கணும்"ங்கறது தான். நான் திருப்பிக் கேக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. ஒங்க குதிரை என்ன எடை, இப்ப போடுத தீவனம் என்ன எடை? இந்த ரெண்டும் தெரியாம எதையும் சேக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

பாளையங்கோட்டையிலேருந்து ஒரு வாசகர்:
அண்ணாச்சி, எங்க மினிக்கு நாலு வயசு, காயடிச்ச ஆண். வேலைன்னு ஒண்ணும் கெடையாது, தோட்டத்துல நிக்கும், பிள்ளைங்க கூட வெளையாடும். தீவன மூட்டையில ஒரு நாளைக்கு 3 கிலோன்னு போட்டுருக்கு, நாங்க 1 கிலோ தான் போடுதோம், அதுபோக புல்லு. இப்ப பிடரி மேல கட்டியா தடிச்சு நிக்கு. கொறைக்கணுமா, இல்ல வேற தீவனத்துக்கு மாத்தணுமா?

தம்பி, அந்த 3 கிலோ யாருக்குன்னு மூட்டையில தேடிப் பாருங்க, சின்ன எழுத்துல 450 கிலோ குதிரைக்கோ 500 கிலோ குதிரைக்கோன்னு இருக்கும், அதுவும் வேலை செய்யுத குதிரைக்கு. ஒங்க பையன் எவ்வளவு இருப்பான்னு ஒரு டேப்ப எடுத்து அளந்துருங்க. முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னாடி, தோள் மேட்டுக்குப் பின்னாடி சுத்தி வர்ற மாதிரி நெஞ்சுச் சுத்தளவு ஒண்ணு. நெஞ்சு முன்னாடி தோள்பட்டை முனையிலேருந்து புட்டத்து எலும்பு வரைக்கும் நீளம் ஒண்ணு. ரெண்டும் சென்டிமீட்டர்ல. சுத்தளவ சுத்தளவாலயே பெருக்கி, அத நீளத்தால பெருக்கி, 11,900-ஆல வகுத்தா கிலோ வந்துரும். சுத்தளவு 110, நீளம் 100 இருந்துச்சுன்னா ஏறக்கொறைய 100 கிலோ. இந்தக் கணக்கு பெரிய குதிரைக்குன்னு போட்டது, மினிக்குக் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா மாசாமாசம் அதே ஆளு அதே எடத்துல அளந்தா ஏறுதா எறங்குதான்னு தெரிஞ்சிரும், நமக்கு வேண்டியது அது தான்.

இப்ப கணக்கப் பாருங்க. 500 கிலோ குதிரைக்கு 3 கிலோன்னா 100 கிலோவுக்கு 600 கிராம், அதுவும் வேலை பாக்குத குதிரையா இருந்தா. ஒங்க பையன் சும்மா நிக்கான், அவனுக்கு 1 கிலோ ரொம்ப ஜாஸ்தி. அதுக்காக அதே தீவனத்த 150 கிராம் போட்டா சரியாயிரும்னு நெனைக்காதீங்க, இங்ஙன தான் நெறைய பேரு தப்புதாங்க. கம்பெனிக்காரங்க மூட்டையில சொன்ன முழு அளவு உள்ள போனா தான் தாமிரம், துத்தநாகம், வைட்டமின் எல்லாம் போதுமான அளவு கெடைக்கும்னு கணக்குப் போட்டுக் கலந்துருப்பாங்க, அளவக் கொறைச்சா மாவுச்சத்தோட சேந்து அதுவும் கொறைஞ்சிரும். இதுக்குன்னு தான் ரேஷன் பேலன்சர்னு ஒரு வகை வருது, மாவுச்சத்து கம்மி, புரதமும் தாது உப்பும் செறிவா இருக்கும், பெரிய குதிரைக்கு அர கிலோ போல போடச் சொல்லுவாங்க, அப்ப ஒங்களுக்கு 100 கிராம். கைக்கு அடக்கமா ரெண்டு பிடி. அது கெடைக்கலன்னா குதிரைக்குன்னே உள்ள தாது உப்பு பொடிய எடைக்குத் தக்கன போட்டு, வயித்த நல்ல காஞ்ச புல்லால நெப்புங்க. ஆனா ரெண்டு மூணு சப்ளிமென்ட்ட ஒண்ணா போடும்போது செலினியம் எதுலயெல்லாம் இருக்குன்னு லேபிள் பாத்துக்கோங்க, ஒரு நாளைக்கு 2 கிலோ காஞ்ச தீவனம் தின்னுத குதிரைக்கு 0.2 மில்லிகிராம் தான் தேவை, அதுக்கு மேல ரொம்பப் போனா பிடரி மயிரு கொட்டும், குளம்பு வெடிக்கும்.

புல்லு எவ்வளவுன்னா, ஒடம்பு எடையில 1.5-லேருந்து 2 சதவீதம், ஈரத்தக் கழிச்சுட்டு. 100 கிலோவுக்கு காஞ்ச புல்லுன்னா ஏறக்கொறைய 1.7-லேருந்து 2.2 கிலோ. எடைய கொறைக்கணும்னாலும் 1.5 சதவீதத்துக்குக் கீழ நீங்களா போகாதீங்க. ஒரே தடவையா கொட்டாம மூணு நாலு வேளையா பிரிச்சு, சின்னக் கண்ணு வலைப் பையில தொங்கவிடுங்க, மெள்ள மெள்ள இழுத்துத் தின்னட்டும், ஏன்னா குதிரை வயித்துல அமிலம் நிக்காம சுரந்துகிட்டே இருக்கும், வயிறு காலியா கெடந்தா புண்ணாயிரும்.

பிடரி தடிச்சு கட்டியா இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அது எனக்குக் கவலையா இருக்கு. இன்சுலின் கோளாறு இருக்க குதிரைக்கு அப்படித்தான் ஆகும், அதோட அடுத்த கட்டம் லேமினைட்டிஸ், குளம்புக்குள்ள வீங்கி காலு ஊன முடியாமப் போயிரும். குளம்பு சூடா இருக்கா, திரும்பும்போது தயங்குதா, முன்னங்காலுல பாரம் போடாம பின்னால சாஞ்சு நிக்கான்னு தெனம் பாருங்க. டாக்டர்ட்ட சொல்லி ரத்தத்துல இன்சுலின் பாக்கச் சொல்லுங்க. காஞ்ச புல்ல முக்கா மணி நேரம் பச்சத் தண்ணியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணிய கீழ ஊத்திட்டு போடலாம், புல்லுல இருக்க சர்க்கரை கொஞ்சம் கரைஞ்சு போயிரும். நம்ம வெயிலுக்கு ரொம்ப நேரம் ஊறினா புளிச்சிரும், மிச்சத்த அடுத்த வேளைக்கு வைக்காதீங்க.

மாத்தம் எதுன்னாலும் 10 நாள், 14 நாள்னு மெள்ள செய்யுங்க. 1 கிலோவ நாளைக்கே 100 கிராம் ஆக்கிராதீங்க.

வள்ளியூர் பக்கத்துலேருந்து ஒரு வாசகி:
அண்ணாச்சி, எங்க மினி பெண் குதிரை ரொம்ப குண்டா இருக்குன்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க, ரெண்டு நாள் பட்டினி போட்டா கொழுப்பு கரையும்னாங்க. நேத்துலேருந்து தீவனத்த நிப்பாட்டிட்டேன். இன்னைக்கு மந்தமா நிக்கு, புல்லு காட்டினாலும் மோந்து பாத்துட்டு விட்டுருது.

தங்கச்சி, ஒங்க கடிதம் வந்த அன்னைக்கே போன் போட்டு பேசியாச்சு, டாக்டரும் வந்து பாத்துட்டாங்க. ஆனா இத எல்லாரும் படிக்கணும்னு தான் இங்ஙன போடுதேன். மினியேச்சர், மட்டக் குதிரை, கழுத, இந்த மூணையும் பட்டினி போடவே கூடாது. தீனி உள்ள போகலன்னா ஒடம்பு சேத்து வச்சுருக்க கொழுப்ப எடுத்து ரத்தத்துல விடும், இதுங்களுக்கு அந்த வேகம் கட்டுப்படாது, ரத்தம் எடுத்துப் பாத்தா மேல நிக்க நீரு பாலு மாதிரி கலங்கலா இருக்கும், கல்லீரல்ல கொழுப்பு போயி அடைச்சிரும். ஹைப்பர்லிப்பிமியான்னு சொல்லுவாங்க. குண்டா இருக்கது, செனையா இருக்கது, பால் குடுக்குதது, இதுங்களுக்கு இன்னும் சீக்கிரமா வரும், வந்த பெறவு காப்பாத்துதது ரொம்பக் கஷ்டம்.

அதனால மினி ஒரு நாள் சரியா தின்னலன்னா நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கே டாக்டர கூப்பிடுங்க. தீனி வெறுக்கதுக்கு காய்ச்ச, பல்லு, வயித்து வலின்னு வேற காரணமும் இருக்கும், அதையும் சேத்துப் பாப்பாங்க. நம்ம பக்கத்துக்காரங்களுக்கு ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, ஊரு டாக்டரால முடியலன்னா அங்ஙன கொண்டு போயிருங்க.

சங்கரன்கோவில் பக்கத்துலேருந்து ஒரு வாசகர்:
வயிறு பானை மாதிரி பெருசா இருக்கு, ஆனா முதுகெலும்பு துருத்திக்கிட்டு தெரியுது. வைக்கோலும் கோதுமைத் தவிடும் வேணுங்கற மட்டும் போடுதோம். தவிட்ட இன்னும் கூட்டவா?

தவிட்ட கூட்ட வேண்டாம் தம்பி. வயித்தப் பாத்து எடைய கணிக்காதீங்க, மினிக்கு மயிரு வேற அடர்த்தியா இருக்கும், கண்ணு ஏமாத்திரும். கைய வச்சு அமுத்திப் பாருங்க. விலா எலும்பு, முதுகுத் தண்டு, வாலு மொதலு, தோளுக்குப் பின்னாடி, பிடரி, தோள் மேடு, இந்த ஆறு எடம். டான் ஹென்னக்கிங்கறவரு அமெரிக்காவுல டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துல 1983-ல வகுத்த முறை இது, 1-லேருந்து 9 வரைக்கும் மதிப்பெண். 1-ன்னா எலும்பும் தோலும், 9-ன்னா ஒரேடியா கொழுப்பு. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாம, கை வச்சா லேசா தட்டுப்பட்டா 5, அது தான் நல்லது. ஒங்களது நீங்க சொல்லுதத வச்சுப் பாத்தா 3-க்கு மேல இருக்காது.

வைக்கோல் வயித்த நெப்பும், தசை போடாது, அதுல புரதம் ரொம்பக் கம்மி. அந்தப் பானை வயிறு பெரும்பாலும் சத்தில்லாத நாரு உள்ள தேங்கி நிக்கதால வருது. ஆனா தீவனத்த மாத்துதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துருங்க. லத்திய டெஸ்ட்டுக்குக் குடுத்து குடல்புழு இருக்கான்னு பாருங்க. பெறவு பல்லு. மினிக்குத் தல சின்னது, பல்லு அதுக்குத் தக்கன சின்னதாகல, அதனால நெருக்கியடிச்சுக்கிட்டு கோணலா மொளைக்கும், ஒழுங்கா மெல்ல முடியாது. மென்னு மென்னு உருண்டையா கீழ துப்புதா, லத்தியில முழு நாரு நீளமா கெடக்கா, இதெல்லாம் பல்லுக் கோளாறுக்கு அடையாளம். பல்லு சரியில்லாம எத்தனை கிலோ போட்டாலும் ஒடம்புல ஒட்டாது.

தவிட்டுல பாஸ்பரஸ் ஏறக்கொறைய 1 சதவீதம் இருக்கும், கால்சியம் அதுல பத்துல ஒரு பங்கு தான். குதிரைக்குத் தேவை கால்சியம் கூட, பாஸ்பரஸ் கொறைச்சல், ஒண்ணரைக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ஒண்ணு, அந்த மாதிரி. தவிட்டையே கொட்டினா ரத்தத்துல கால்சியத்த நிலையா வைக்க ஒடம்பு எலும்புலேருந்து உறிஞ்சும், மூஞ்சி எலும்பு வீங்கும், இன்னைக்கு இந்தக் காலு நாளைக்கு அந்தக் காலுன்னு மாத்தி மாத்தி நொண்டும். அரிசித் தவிடும் இப்படித்தான்.

ஒங்களுக்கு நான் சொல்லுதது, வைக்கோல பாதிக்கு மேல கொறைச்சுட்டு நல்ல காஞ்ச புல்லு. அதோட குதிரை மசால், அதான் லூசர்ன்னு சொல்லுத தீவனப் பயிரு, காஞ்சது தெனம் 200, 250 கிராம், அதுல புரதமும் இருக்கு, கால்சியமும் இருக்கு. பெறவு நம்ம காணம், அதான் கொள்ளு. அதுல 22 சதவீதம் போல புரதம் இருக்கு, பச்சையா போட்டா செரிமானத்தத் தடுக்குத சத்து ஒண்ணு கூட போகும், வேக வச்சா அது போயிரும். காய்ஞ்ச எடையில 50 கிராம் ஊறவச்சு வேகவச்சு ஆறவிட்டு ஆரம்பிச்சு, 10 நாள்ல 100 கிராமுக்குக் கொண்டு வாங்க. டப்பாக் கணக்கு வேண்டாம், மளிகைக்கடை தராசு போதும், ஏன்னா ஒரு டப்பா தவிடும் ஒரு டப்பா காணமும் எடையில மூணு மடங்குக்கு மேல வித்தியாசப்படும். உப்பு ஒரு டீஸ்பூன் தெனம், வெயில் காலத்துல கொஞ்சம் கூட. மாசத்துக்கு ஒரு தடவ கைய வச்சுப் பாத்து எழுதி வைங்க, முதுகு நெரவ ஆரம்பிச்சதும் அதுக்கு மேல கூட்டாதீங்க.

அம்பாசமுத்திரத்துலேருந்து ஒரு வாசகி:
வாய்க்கால் பாசனத்துல கம்பு நேப்பியர் போட்டுருக்கோம், மாடு நல்லா தின்னுது, மினிக்கும் அதையே போடலாமா? கொழுக்கட்டைப் புல்லும் இருக்கு.

மாட்டுக்குச் சரி, குதிரைக்கு அதையே முழு தீனியா போடாதீங்கம்மா. நேப்பியர், கொழுக்கட்டைப் புல்லு ரெண்டுலயும் ஆக்சலேட்டுன்னு ஒண்ணு இருக்கு, அது கால்சியத்தப் பிடிச்சு வச்சுக்கிடும். மாட்டுக்கு மொத வயித்துலயே நுண்ணுயிரி அத ஒடைச்சிரும். குதிரைக்கு அந்த வேலை பெருங்குடல்ல தான் நடக்கும், கால்சியத்த ஒடம்பு எடுத்துக்கிடுத எடம் அதுக்கு முன்னாடி சிறுகுடல்லயே முடிஞ்சு போகுது. அதனால புல்லுல கால்சியம் இருந்தும் பிரயோஜனம் இல்ல, தவிட்டுல வர்ற அதே எலும்பு நோயி இதுலயும் வரும். இதுல ஒரு சிக்கல், ரத்தம் எடுத்துப் பாத்தா கால்சியம் சரியா இருக்க மாதிரியே காட்டும், எலும்பு தான் குடுத்துக்கிட்டு இருக்கும்.

பச்சப் புல்லு பாதி, வேற வகை காஞ்ச புல்லு பாதி, கூட கொஞ்சம் குதிரை மசால்னு கலந்து போடுங்க, கால்சியம் தனியா வேணுமான்னு டாக்டர்ட்ட கேட்டு அளவு வாங்கிக்கோங்க. வெட்டின பச்சப் புல்லுல அஞ்சுல நாலு பங்கு தண்ணி தான், அதனால 5 கிலோ பச்சப் புல்லுன்னா 1 கிலோ தான் கணக்குல வரும். வெட்டி குமிச்சு வச்சு சூடேறின புல்ல போடாதீங்க. சோளப் பயிரு பச்சையா இருக்கையில குதிரைய மேய விடவே விடாதீங்க, மூத்திரப் பையும் பின்னங்கால் நரம்பும் கெட்டுப் போயிரும்.

திசையன்விளையிலேருந்து ஒரு வாசகர்:
தேரி மண்ணுல தான் கட்டியிருக்கோம். அடிக்கடி வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்கும், படுத்துப் பொரளும். தீவனம் ஒத்துக்கிடலையா?

தீவனமா இருக்காது, தீவனத்தோட சேந்து உள்ள போகுத மணலா இருக்கும். தரையில போட்டா மினி உதட்டால கூட்டி கடைசித் துணுக்கு வரைக்கும் தின்னும், செவப்பு மணலும் கூடவே போயி குடலடியில படிஞ்சிரும். தரையில படாத லத்தி நாலஞ்சு உருண்டைய ஒரு கண்ணாடிப் பாத்திரத்துல தண்ணி ஊத்தி கரைச்சு வைங்க, கொஞ்ச நேரத்துல அடியில மணலு படியுதான்னு தெரியும். ரப்பர் மேட்டு போட்டு அதுக்கு மேல தொட்டி வைங்க, வெறும் வயித்துல தேரியில அவுத்து விடாதீங்க. இசப்கோல் உமி மணல வெளியேத்த குடுப்பாங்க, அளவும் எத்தனை நாளுன்னும் டாக்டர் சொல்லட்டும். பொரளுதுன்னு எழுதியிருக்கீங்க, அப்படிப் பொரளுத நேரத்துல வீட்டு வைத்தியம் எதும் வேண்டாம், தீனிய எடுத்துட்டு ஒடனே டாக்டருக்கு போன் போடுங்க.

தென்காசியிலேருந்து ஒரு வாசகர்:
கோழிப்பண்ணை வச்சுருக்கேன். மிச்சத் தீவனத்துல புரதம் நல்லா இருக்கே, மினிக்குப் போடலாமா?

ஒரு பிடி கூட போடாதீங்க. கோழித் தீவனத்துல ரத்தக் கழிச்சல் வராம இருக்க மோனென்சின், சாலினோமைசின்னு மருந்து கலந்துருப்பாங்க, அது குதிரையோட இதயத் தசைய அழிச்சிரும். ஒரு கிலோ ஒடம்பு எடைக்கு 2, 3 மில்லிகிராம் மோனென்சினே உயிர எடுத்துரும், மாத்து மருந்து கெடையாது. தப்பிச்சாலும் இதயம் பழையபடி ஆகாமப் போகலாம். கோழித் தீவன மூட்டை இருக்க அறைக்குள்ள மினி நொழையாத மாதிரி கதவு போடுங்க, ஒரே கரண்டிய ரெண்டுக்கும் பொழங்காதீங்க. மாட்டுத் தீவனத்துலயும் சிலதுல இந்த மருந்து வரும், யூரியா கலந்தும் வரும், அந்த யூரியாவால குதிரைக்குப் பிரயோஜனம் ஒண்ணும் இல்ல.

நாங்குநேரியிலேருந்து ஒரு வாசகர்:
ஒரு வயசுக் குட்டி, மினின்னு சொல்லி வித்தாங்க, இப்பவே 36 இஞ்ச். தீவனத்தக் கொறைச்சா குட்டையாவே இருக்கும்னு ஒருத்தரு சொல்லுதாரு.

அந்தப் பாவத்த செய்யாதீங்க தம்பி. அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம் வச்சுருக்க அளவு 34 இஞ்ச், பிடரி மயிரோட கடைசி மயிரு நிக்க எடத்துலேருந்து தரை வரைக்கும். 38 வரைக்கும் ஏத்துக்கிடுத சங்கமும் இருக்கு. ஒரு வயசுல குதிரை தன்னோட முழு ஒசரத்துல 90 சதவீதம் போல வந்துரும், அப்படின்னா ஒங்களது 40 இஞ்ச் கிட்ட வந்து நிக்கும், அது மட்டக் குதிரை. ஒசரம் ரத்தத்துல வர்றது. தீனியக் கொறைச்சா எலும்பு பலமில்லாம, காலு வளைஞ்சு, ஆயுசுக்கும் நோயாளியா தான் நிக்கும். அதுக்குத் தேவையானது நல்ல புரதமும், கால்சியம் பாஸ்பரஸ் சரியான அளவுல உள்ள தாது உப்பும். கொழுக்க வைக்கவும் வேண்டாம், விலா எலும்பு கைக்கு லேசா தட்டுப்படுத மாதிரி வச்சுக்கோங்க.

கடையநல்லூர்லேருந்து ஒரு சின்னப் பிள்ளை:
எங்க மினிக்குக் கருப்பட்டி ரொம்பப் பிடிக்கும். அல்வாவும் திங்கும். குடுக்கலாமா?

குடுக்காத கண்ணு. கேரட்ட நீளவாக்குல விரல் மாதிரி நறுக்கி ரெண்டு துண்டு குடு, வட்டமா நறுக்கினா தொண்டையில சிக்கிரும். கோயில் கொடைக்குக் கூட்டிட்டுப் போனா வாரவங்க எல்லாம் பழமும் வெல்லமும் நீட்டுவாங்க, பக்கத்துலயே நின்னு வேண்டாம்னு சொல்லணும், அது ஒன் வேலை.

சேரன்மகாதேவியிலேருந்து ஒரு வாசகி:
எங்க மினி எட்டு மாச செனை. ரெண்டு உயிருக்குத் திங்கணும்னு மாமியாரு தீவனத்த ரெண்டு மடங்காக்கச் சொல்லுதாங்க.

குதிரைக்குச் செனைக் காலம் ஏறக்கொறைய 11 மாசம், வயித்துக்குள்ள குட்டி வேகமா வளருதது கடைசி மூணு மாசத்துல தான். இப்ப எட்டு முடிஞ்சு ஒம்பது ஆரம்பிக்கப் போகுது, அதனால ஒங்க மாமியாரு சொல்லுதுல நேரம் சரி, அளவு தான் ஜாஸ்தி. ரெண்டு மடங்கு தேவைப்படுதது குட்டி போட்டு பால் குடுக்கும்போது, அப்ப ஆற்றல் தேவை சாதாரண நாளவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும். இப்பவே ரெண்டு மடங்கு போட்டா கொழுப்பு தான் ஏறும், குட்டி போடுத நேரத்துல கஷ்டப்படும், முன்னாடி சொன்ன அந்தக் கல்லீரல் நோயும் இதுங்களுக்குத் தான் முதல்ல வரும்.

குட்டி வளர வளர வயித்துல எடம் கொறையும், புல்லு நெறைய உள்ள போகாது. அதனால புல்ல கொறைக்காம, கொஞ்சமா போட்டாலே சத்து கெடைக்குத மாதிரி பேலன்சரையும் குதிரை மசாலையும் ஒம்பதாம் மாசத்துலேருந்து வாரத்துக்குக் கொஞ்சம்னு ஏத்துங்க, ஒரு நாளைக்கு நாலு வேளையா. வயிறு கீழ தொங்கும், அதப் பாத்து குண்டுன்னு முடிவு பண்ணாதீங்க, விலா எலும்பத் தடவிப் பாருங்க. பூஞ்சணம் பிடிச்ச கடலைப் புண்ணாக்கு, பூத்துப் போன மக்காச்சோளம் எதும் தொட்டி பக்கம் வரக்கூடாது, மழை நாள்ல மூட்டைய தரையில வைக்காம பலகை மேல ஏத்தி வைங்க. குட்டி போட்ட அன்னைக்குத் தீவனத்த ஒரேடியா கூட்ட வேண்டாம், பால் எறங்க எறங்க பத்து நாள்ல ஏத்திக்கிடலாம். தண்ணித் தொட்டி எப்பவும் நெறைஞ்சு இருக்கணும், பால் குடுக்குத குதிரை நீங்க நெனைக்கத விட ரொம்பக் குடிக்கும்.